சூப்பர்வைசரைக் கண்டால் ஓடிய மோட்டார்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து எச்.பி. மோட்டார் ஒன்று என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று கிட்டத்தட்ட மூன்று வாரம் நம்பினேன்.

நான் பக்கத்தில் இருந்தால் அது விறுவிறுவென்று ஓடும். டீ குடிக்கப் போனால் சோம்பலாகச் சுற்றும். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி வேகமெடுக்கும். எங்கள் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்டில் மனிதர்களே அப்படித்தான் வேலை பார்த்தார்கள். அதனால் மோட்டாரும் அப்படி இருந்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. நம்மையும் மதிக்க ஒன்று இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனி. நான் அங்கே ஏசி சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் எனக்குக் கீழே ஆட்கள் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே இருந்தது ஓர் ஏணி. கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், தோளில் ஒரு ஹேண்ட் லாம்ப். அதாவது கம்பிக்கூண்டுக்குள் நூறு வாட் குண்டு பல்பு, பின்னால் வாலைப்போல் இருபதடி ஒயர். அயனம்பாக்கத்திலிருந்து மொபெட்டில் வந்து, காக்கிச் சட்டை போட்டு, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டால்தான் எனக்கு வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்.

தீப்பெட்டி காய வைத்த ஞானம்

அசெம்பிளி ஹாலில் அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுடும் அயர்னால் ஈயத்தை உருக்கி போர்டில் ஒட்டும் சோல்டரிங் வேலை செய்வார்கள். அந்த ஹாலுக்குக் குளிர்காற்று தள்ளுவதற்கு ஒரு ஏ.எச்.யூ. இருந்தது. பெரிய தகரப் பெட்டி. உள்ளே ஃபில்டர், குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில், காற்றைத் தள்ளும் புளோயர், புளோயரை பெல்ட் போட்டு இழுக்கும் மோட்டார். ஹாலை ஒட்டிய ஓர் இருட்டு அறையில் இது இருக்கும். ஹாலில் சூடான காற்று அந்த அறைக்குள் திரும்பி வந்து, பெட்டிக்குள் நுழைந்து, குளிர்ந்து, மறுபடி ஹாலுக்குப் போகும். மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே வேகம். காலையில் போட்டால் மாலை வரை முழு மூச்சு. ஹாலில் அறுபது பேர் இருந்தாலும் ஒன்றுதான், ஆறு பேர் இருந்தாலும் ஒன்றுதான்.

ஏப்ரல் மாதம் எங்கள் பிளான்ட் இன்ஜினியர் வேதாசலம் சார் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"ஏழுமலை, மேலிடத்துல கரண்ட் பில்லைப் பாத்துட்டு குதிக்கிறாங்க. மே மாசத்துலேர்ந்து ஹால் ஏசியை மதியம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஆஃப் பண்ணச் சொல்றாங்க."

"கத்திரி வெயில்லயா சார்? மேல ஷீட்டுக் கூரை, கீழ அறுவது சோல்டரிங் அயர்ன். பொம்பளைங்க வெந்துருவாங்களே."

"அதான்யா. நாலு வாரம் டைம் வாங்கியிருக்கேன். மோட்டாருக்கு டிரைவ் மாட்டப் போறோம். ஹால் சூடா இருந்தா வேகமா ஓட்டும், குளிர்ந்துட்டா மெதுவா ஓட்டும். அந்த மோட்டாருக்குன்னு தனி மீட்டர். இப்ப ஒரு நாளைக்கு ஐம்பது யூனிட் ஓடுது. முப்பதுக்குக் கீழ கொண்டுவந்து காட்டிட்டா ஏசியை யாரும் தொட மாட்டாங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அன்று வீட்டு ஃபேனுக்கு ரெகுலேட்டர் என்றால் சுவரில் பெரிய டப்பா. ஃபேனை ஒன்றில் வைத்தால் டப்பா சுடும். மழைக்காலத்தில் நமத்துப்போன தீப்பெட்டியை அதன் தலையில் வைத்துத்தான் எங்கள் வீட்டில் காயவைப்போம். ஃபேனுக்குப் போகாத கரண்டை ரெகுலேட்டர் தின்றுவிடும், ஃபேனைக் குறைத்தால் பில் குறையாது என்பது எனக்கு அனுபவத்தில் வந்த ஞானம். இந்த டிரைவ் என்பது பெரிய ரெகுலேட்டர், வேறென்ன?

"சார், கரண்டு அந்த டப்பால போயி சூடாயிரும் சார். தீப்பெட்டி வேணா காய வெச்சுக்கலாம்."

"அது ரெகுலேட்டர் இல்லய்யா. கரண்டைத் தடுக்கறதில்ல, மோட்டாருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் எடுக்கும். பாதி ஸ்பீடுல ஓடினா எட்டுல ஒரு பங்கு கரண்ட் போதும்."

"பாதி ஸ்பீடுக்குப் பாதின்னாகூட ஒத்துக்குவேன் சார். எட்டுல ஒண்ணா? ஆடித் தள்ளுபடியா சார் இது?"

அவர் கோபப்படவில்லை. "எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சிருக்கியா? ரெட்டை வேகத்துல போனா ரெட்டை மடங்கா மூச்சு வாங்குது? நாக்குத் தள்ளிடாது? அதையே திருப்பிப் போட்டுப் பாரு," என்றார்.

சைக்கிள் எனக்குப் புரிந்தது. மோட்டார் புரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ரிப்பன்

டிரைவ் வந்தது. சாம்பல் நிறப் பெட்டி, முகத்தில் சிவப்பு எண்கள். மாட்ட வந்த ஆள், திரும்பி வரும் காற்றின் சூட்டைப் பார்க்க ஏ.எச்.யூ. அறைச் சுவரில் வெள்ளையாக ஒரு சின்ன டப்பாவைப் பொருத்தினார். சென்சார். அதன் ஒயரைத் தாங்க மேலே ஒரு கொக்கியும் அடித்தார். முதல்தடவை ஸ்விட்ச் போட்டபோது நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். புகை வரும் என்று எதிர்பார்த்தேன். பழைய மோட்டார் 'டம்'மென்று உதறிக்கொண்டு கிளம்பும். இது தூக்கத்திலிருந்து எழுவதுபோல் மெதுவாகச் சுற்றி, கொஞ்சம் ஓடி, ஹால் குளிர்ந்ததும் தணிந்துவிட்டது. சத்தமே இல்லை.

மறுநாள் வேதாசலம் சார் கம்பெனியின் இன்னொரு பிளான்ட்டுக்கு மூன்று வாரம் போகவேண்டி வந்தது. போகும்முன் ஒரு சார்ட்டைக் கையில் கொடுத்தார். "தினம் சாயங்காலம் மீட்டர் ரீடிங் எழுதிடு. வேற எதையும் தொடாதே."

முதல் மூன்று நாள் ரீடிங் இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு. வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஏசி ஓடவே இல்லை என்று நினைத்தேன். எனக்குச் சாட்சியும் கிடைத்தது. நாலாம் நாள் காலை கஸ்தூரி வந்து நின்றாள்.

கஸ்தூரி அசெம்பிளி ஹாலின் லைன் லீடர். திருமழிசைப் பக்கம் ஊர். பூந்தமல்லி வந்து பஸ் மாறி வருவாள். அறுபது பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி பேசுவாள். அன்று பின்னால் ஆறு பேர் வேறு.

"இன்னா அண்ணாத்தே, ஏசிய ஆஃப் பண்ட்டு தூங்கிகினு கீறியா?"

"ஓடுதும்மா. புது டிரைவ்."

"டிரைவோ கிரைவோ, ரிப்பன பாத்தியா நீ?"

இந்த ரிப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலில் காற்று வரும் ஒவ்வொரு கிரில்லிலும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். ரிப்பன் படுக்கைவாட்டில் நீட்டி ஆடினால் ஏசி ஓடுகிறது. தொங்கினால் ஓடவில்லை. அவர்களுக்கும் அதுதான் மீட்டர், உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் மீட்டர். போய்ப் பார்த்தேன். அத்தனை ரிப்பனும் தலை குனிந்து நின்றன. சுவரில் இருந்த தெர்மாமீட்டர் வழக்கம்போல் இருபத்துநாலு டிகிரிதான் காட்டியது. அதைக் கஸ்தூரியிடம் காட்டினேன்.

"உன் தெர்மாமீட்டரு சட்டப் போட்டுகினு உக்காந்து வேல செய்தா? எங்களுக்கு வேக்குது. கருவாடு காய வெக்கறாப்போல கீது."

"ரிப்பனைப் பாக்காதீங்க, வேக்காது."

"நக்கலு? ரிப்பனு எந்திரிக்கல, சாயங்காலம் உன் மொபெட்டு சாவி உன் கைல இருக்காது, சொல்ட்டேன்."

கூட வந்த ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சார் ஊரில் இல்லை. ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது நான்தான்.

காவல்

அன்றுதான் ஏ.எச்.யூ. அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே கும்மிருட்டு. ஹேண்ட் லாம்ப்பை எரியவிட்டு, கைக்கு வசதியாக இருந்த ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு, மோட்டாரையே முறைத்துப் பார்த்தேன். டிரைவின் முகத்தில் இருபத்தெட்டு ஹெர்ட்ஸ். பழைய முழு வேகம் ஐம்பது.

கொஞ்ச நேரத்தில் முப்பது. முப்பத்தைந்து. நாற்பத்திரண்டு. ஐம்பது! பெல்ட் பாடியது. ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ரிப்பன்கள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னாண்ணா பண்ண?" என்றாள் கஸ்தூரி.

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல போய் உக்காந்தேன்."

"அப்ப அங்கியே உக்காரு."

உட்கார்ந்தேன். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வெளியே வருவேன். சாப்பாடும் அங்கேயே. எப்போதாவது டீக்கு லாம்ப்பை அணைத்துவிட்டுப் போவேன், திரும்பி வந்தால் முப்பதில் சுற்றிக்கொண்டிருக்கும். "இன்னா, ஆள் இல்லன்னா தூக்கமா?" என்று அதட்டி, லாம்ப்பைப் போட்டு உட்கார்ந்தால் மெல்ல மெல்ல ஐம்பதுக்கு ஏறிவிடும். நாலைந்து தடவை சோதித்தும் பார்த்துவிட்டேன். சந்தேகமே இல்லை. மோட்டார் என்னைக் கண்டால் ஓடுகிறது.

ஹாலில் இப்போது சில பெண்கள் குளிரில் துப்பட்டாவால் தோளைப் போர்த்திக்கொண்டு வேலை செய்தார்கள். ஆனால் ஒருவரும் புகார் சொல்லவில்லை. ரிப்பன் ஆடியதே.

மீட்டர் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று எழுந்து நின்றது. இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறது என்று நிம்மதியாக எழுதிக்கொண்டு போனேன்.

கொசு

இரண்டாம் வாரம் இன்னொரு பயம் பிடித்தது. நாள் முழுக்க மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் கேட்கும். 'ங்ஙீ' என்று மெல்லிய சத்தம். கொசு காதுக்குள் புகுந்தது மாதிரி. ஸ்க்ரூடிரைவரின் நுனியை, மோட்டாரின் அச்சைத் தாங்கும் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். எங்கள் தொழிலில் டாக்டர் குழாய் அதுதான். கொசு இப்போது மண்டைக்குள் கேட்டது.

பேரிங் போச்சு என்று முடிவு கட்டினேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பறந்து, புது பேரிங் வாங்கி வந்து, மதியம் முழுக்க ஏசியை நிறுத்தி மாற்றினேன். ஹாலில் அறுபது பேரும் என் குடும்பத்தைத் தலைமுறை வாரியாக விசாரித்தார்கள். மாட்டி முடித்து ஓடவிட்டால், 'ங்ஙீ'. அதே கொசு.

கழற்றிய பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. டிரைவ் மாட்டினால் மோட்டார் அப்படித்தான் லேசாகப் பாடும் என்று பிறகு அந்த டிரைவ் கம்பெனி ஆள் போனில் சொன்னார். இதை முன்னாலேயே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார். நல்ல பேரிங்கை இன்றும் வைத்திருக்கிறேன். பேப்பர் பறக்காமலிருக்க மேலே வைக்க உதவுகிறது.

"சொன்னேனே சார்"

மூன்றாம் வாரம் முடிகிற வியாழக்கிழமை வேதாசலம் சார் திரும்பினார். சார்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முதல் மூணு நாள் குறைஞ்சிருக்கு. அப்புறம் ஏன்யா இப்படி?"

"அப்போ ஏசி ஓடல சார். ரிப்பனே எழுந்திரிக்கல. அப்புறம் நான் கூடவே உக்காந்து ஓட்டினேன். நான்தான் சொன்னேனே சார், ரெகுலேட்டர்ல மிச்சமாகாதுன்னு."

ஜெயித்துவிட்ட குரலில்தான் சொன்னேன். அவர் சார்ட்டை மடித்தார். மடிப்பின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப கஸ்தூரிகிட்ட நீயே சொல்லிடு. மே ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு மணிக்கு ஏசி ஆஃப். இந்தச் சார்ட்டைக் காட்டி நான் எதையும் கேக்க முடியாது."

அப்போதுதான் நான் எதில் ஜெயித்தேன் என்று உறைத்தது.

கஸ்தூரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். அவள் திட்டவில்லை. "அந்தக் கடைசி டேபிளு சாந்திக்கு ஏழு மாசம்ண்ணா," என்றாள். "போன வருஷம் ஏசி ரிப்பேரானப்ப ரெண்டு பேரு மயக்கம் போட்டு வுழுந்தாங்க, ஞாபகம் கீதா?" அவ்வளவுதான். திரும்பிப் போய் அயர்னைக் கையில் எடுத்துக்கொண்டாள். என் மொபெட் சாவியைப் பிடுங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பல்ப் போனது

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, என் காவல் அறையில் 'டிக்' என்று பல்ப் பியூஸ் போனது. ஸ்டோருக்குப் போனால் ஸ்டோர்கீப்பர் இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து பல்ப் வாங்கி வந்தேன். மோட்டார் இருபத்தெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன்டா," என்று இருட்டிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம். இருபத்தெட்டு. பத்து நிமிஷம். இருபத்தெட்டு. இருமிப் பார்த்தேன். எழுந்து முன்னால் போய் நின்றேன். இருபத்தெட்டு.

எனக்கு வேர்த்துவிட்டது. நான் இருந்தும் ஓடவில்லை என்றால் மோட்டார் முடிந்தது என்று அர்த்தம். சார் முகம், சாந்தி முகம், மொபெட் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பல்பை மாட்டி, லாம்ப்பைப் போட்டு, கொக்கியில் தொங்கவிட்டேன். முப்பது. முப்பத்தாறு. நாற்பத்துநாலு.

"அப்பாடா," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"யார்கூட பேசிகினு கீற?" கதவில் கஸ்தூரி. முந்தின நாள் ரீடிங்கைக் கேட்டு சார் அனுப்பியிருந்தார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் இருந்தால் ஓடுவது, போனால் தூங்குவது, இன்றைக்கு நான் இருந்தும் தூங்கியது, இப்போது சமாதானமாகிவிட்டது. அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, அந்த வெள்ள டப்பா இன்னாது?"

"சூடு பாக்குற சென்சார். ஹால் சூடாச்சான்னு அதுதான் டிரைவுக்குச் சொல்லும்."

"அது மேலயா குண்டு பல்ப மாட்டிகினு கீற?"

நான் பார்த்தேன். லாம்ப்பின் கம்பிக்கூண்டு சென்சார் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. தொட்டேன். தீப்பெட்டி காயவைக்கலாம்.

"நாள்பூரா அயர்ன் புடிக்கிறவ நானு," என்றாள் கஸ்தூரி. "சூட்டுப் பக்கத்துல இன்னா வெச்சாலும் சுடும்னு எனக்குத் தெரியும். உனக்கு யாரு நைனா சூப்பர்வைசர் வேல குட்த்தது?" அவளே கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாள். இருட்டில் இருவரும் நின்றோம். நாற்பது. முப்பத்திமூன்று. இருபத்தெட்டு.

அவள் சிரிக்க ஆரம்பித்தது ஹால்வரை கேட்டது.

வேதாசலம் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவருக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவும் தெரியாது. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு, "இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல? அந்த ரூம் பக்கம் போகாதே," என்றார்.

போகவில்லை. அந்த வாரம் ஒருநாள்கூட ரீடிங் இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. ரிப்பன்கள் தொங்கின. ஆனால் கஸ்தூரி அவற்றை அவிழ்த்துவிட்டு, பார்ட்ஸ் வரும் மெல்லிய பாலிதீன் கவரைக் கிழித்துக் கீற்றுக் கீற்றாகக் கட்டினாள். அது மெதுவான காற்றிலும் படபடவென்று ஆடியது. யாருக்கும் வேர்க்கவில்லை.

மேலிடத்துக்கு அனுப்பிய சார்ட்டை நான் பார்த்தேன். கூடுதலாக ஓடிய நாட்களுக்கு நேரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், வேதாசலம் சார் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'இந்த நாட்களில் சூப்பர்வைசர் உள்ளே இருந்தார்.' அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மேலிடத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மே மாதம் ஏசி ஒருநாளும் நிற்கவில்லை. சாந்தி லீவில் போகும்வரை அந்தக் கடைசி டேபிளில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புது மெஷின் பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொண்டால், அதைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நீங்கள் எதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

மோட்டாருக்கு எந்தக் கோளாறும் இல்லை. டிரைவுக்கும் இல்லை. சென்சார் மேல் நூறு வாட் பல்பை மாட்டியது நான்.